எண்ணெய்ப் பாறையின் ஊடுருவுதிறனைக் கணிப்பது எப்படி? கோர், லாக், கிணற்றுச் சோதனை: முழுமையான வழிகாட்டி

ஒரே கிணறு, ஒரே மணற்கல் அடுக்கு. ஆனால் ஊடுருவுதிறனுக்கு, அதாவது பாறை வழியே பாய்மம் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதற்கு, கைக்கு மூன்று எண்கள் வரும். கிணற்றிலிருந்து வெட்டியெடுத்து ஆய்வகத்தில் வாயு செலுத்தி அளந்த பாறை உருளை, அதாவது கோர், 220 மில்லிடார்சி என்கிறது. கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழவாரியாக எடுத்த பதிவிலிருந்து, அதாவது லாக்கிலிருந்து, கணக்கிட்டால் 175. கிணற்றை மூடி அழுத்தம் ஏறுவதைப் பார்த்தால் 164. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இதில் எது சரி என்று கேட்பார்கள். மூன்றுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு அளவுள்ள பாறையை, வேறு பாய்மத்தை வைத்து, வேறு அழுத்தத்தில் அளந்தது. அந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு எண்களை நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். அதன் பிறகும் இடைவெளி இருந்தால், பாறை எதையோ சொல்கிறது என்று அர்த்தம்.

முதலில் அலகு

1856-இல் பிரான்ஸின் திஜோன் நகரக் குடிநீர் அமைப்பைப் பற்றி எழுதிய அறிக்கையில், மணல் நிரப்பிய உருளை வழியே நீர் பாயும் வேகத்தை ஆன்றி டார்சி அளந்து காட்டினார். அவர் பெயரே அலகாயிற்று. 1 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 1 சென்டிமீட்டர் நீளம், 1 வளிமண்டல அழுத்த வேறுபாடு, 1 சென்டிபாய்ஸ் பாகுத்தன்மை. இந்த நிலையில் நொடிக்கு 1 கன சென்டிமீட்டர் பாய்ந்தால் அந்தப் பாறையின் ஊடுருவுதிறன் 1 டார்சி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடார்சி.

எண்ணெய்க்கு 100 மில்லிடார்சிக்கு மேல் நல்ல பாறை, 10-க்குக் கீழே சிரமம், 1-க்குக் கீழே இறுகிய பாறை என்பது கைக்கணக்கு. எண்ணெயின் பாகுத்தன்மை தெரியாமல் இந்தக் கணக்கை யாரிடமும் சொல்லாதீர்கள். 50 மில்லிடார்சிப் பாறையில் 0.5 சென்டிபாய்ஸ் எண்ணெய் தாராளமாக வரும். அதே பாறையில் 500 சென்டிபாய்ஸ் கனஎண்ணெய் நகரவே மாட்டாது.

நுண்துளைமையும் ஊடுருவுதிறனும் வேறு வேறு என்பதும் ஆரம்பத்திலேயே மனதில் பதிய வேண்டும். நுண்துளைமை பாறையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்கிறது. ஊடுருவுதிறனைத் தீர்மானிப்பது துளைகளை இணைக்கும் கழுத்துகளின் அகலம். களிமண்ணில் இடம் நிறைய, வழி கிடையாது.

படி 1: பிளக் எடுத்தல், கழுவுதல், உலர்த்தல்

கோரிலிருந்து 1 அல்லது 1.5 அங்குல விட்டத்தில் சிறு உருளைகளை வெட்டுகிறோம். இவைதான் பிளக். வழக்கம் அடிக்கு ஒன்று. கிடைத்திசையில் ஒவ்வொரு அடிக்கும், செங்குத்தில் சில அடிக்கு ஒன்றாக எடுங்கள். படுகை (பாறை படிந்த அடுக்கு) சாய்ந்திருந்தால் கிடைத்திசை என்பது படுகைத் தளத்துக்கு இணையான திசை, கோரின் அச்சுக்குக் குறுக்கான திசை அல்ல. இதை வெட்டுபவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அடிக்கு ஒன்று என்று வைத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன பாறை வந்தாலும் அதையே எடுக்க வேண்டும். உடையாத அழகான துண்டைத் தேடி இரண்டு அங்குலம் மேலே போகும் பழக்கம் பரவலாக உண்டு. பொலபொலவென்று உதிரும் மணல்தான் பெரும்பாலும் அதிக ஊடுருவுதிறன் உள்ளது. அதை விட்டுவிட்டால் சராசரி கீழே இறங்கும். அப்படிப்பட்ட மணலை உறைய வைத்து, உறையிட்டு வெட்ட வழி இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாறைக்குப் பொருந்தாது. அரை அடி தள்ளிப் போனால் எண் பத்து மடங்கு மாறும்.

களிமண் உள்ள மணற்கல்லை நன்னீர் ஊற்றி வெட்டக் கூடாது. களி வீங்கும் அல்லது பிரிந்து நகர்ந்து துளைக்கழுத்தை அடைக்கும். உப்புநீரோ கனிம எண்ணெயோ பயன்படுத்துங்கள்.

கழுவ டொலுயீனும் மெத்தனாலும். டொலுயீன் எண்ணெயை எடுக்கும், மெத்தனால் உப்பை எடுக்கும். கழுவிய டொலுயீன் தெளிவாக வந்தால் மட்டும் போதாது. பிளக்கைப் புற ஊதா விளக்கின் கீழே பாருங்கள், ஒளிர்ந்தால் எண்ணெய் மீதமிருக்கிறது. மெத்தனாலில் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு துளி விடுங்கள். பால் போல வெண்மை திரண்டால் உப்பு இன்னும் வெளியேறுகிறது, கழுவுவதை நிறுத்தாதீர்கள். உப்புப் படிகம் ஒரு துளைக்கழுத்தில் நின்றுவிட்டால் அதன் பின்னால் உள்ள பாதை முழுவதும் கணக்கில் வராது.

களி இல்லாத பாறையை 100 டிகிரி செல்சியஸ் அடுப்பில் காய வைக்கலாம். களி இருந்தால் 60 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 45 விழுக்காடு உள்ள அடுப்பு. எடை மாறாமல் நிற்கும் வரை விடுங்கள்.

இல்லைட் என்ற களிக்கனிமத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வட கடலின் தென்பகுதியில் உள்ள ரோட்லீகண்ட் மணற்கல்லில் இது மெல்லிய நார்களாகத் துளைகளின் குறுக்கே வளர்ந்திருக்கும். சாதாரணமாகக் காற்றில் உலர்த்தினால் நீர் பின்வாங்கும்போது அதன் பரப்பு இழுவிசை அந்த நார்களை ஈரத் தலைமுடியைப் போலத் துளைச்சுவரோடு ஒட்டிவிடும். வழி திறந்துகொள்ளும், அளவீடு நிஜத்தைவிடப் பல மடங்கு உயரும். நிலத்தடியில் அந்த நார்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. இவ்வகைப் பாறைக்கு மாறுநிலைப்புள்ளி உலர்த்தல்தான் தீர்வு: திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே பரப்பே உண்டாகாதபடி உலர்த்துவது. செலவு அதிகம் என்றால் பத்துப் பிளக்குகளுக்காவது செய்து, மற்றவற்றைத் திருத்த விகிதம் எடுங்கள்.

படி 2: ஆய்வகத்தில் அளத்தல்

திரவத்துக்கான கணக்கு எளிது:

ஊடுருவுதிறன் = (பாய்வு வீதம் × பாகுத்தன்மை × நீளம்) ÷ (குறுக்குப் பரப்பு × அழுத்த வேறுபாடு)

1.5 அங்குல பிளக்கின் விட்டம் 3.81 சென்டிமீட்டர், பரப்பு 11.4 சதுர சென்டிமீட்டர். நீளம் 5 சென்டிமீட்டர், உப்புநீரின் பாகுத்தன்மை 1 சென்டிபாய்ஸ், நிமிடத்துக்கு 2 கன சென்டிமீட்டர் பாய்கிறது, அழுத்த வேறுபாடு 0.5 வளிமண்டலம். நிமிடத்தை நொடியாக மாற்றினால் பாய்வு 0.0333. விடை 0.0292 டார்சி, அதாவது 29 மில்லிடார்சி. விட்டத்தை 1 மில்லிமீட்டர் குறைத்து அளந்திருந்தால் விடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கும். வெர்னியரை மூன்று இடத்தில் வையுங்கள்.

வாயுவுக்கு இதே சூத்திரத்தைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வாயு போகப் போக விரிவதால் பாய்வு வீதம் பிளக்கின் உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். அழுத்த வேறுபாட்டுக்குப் பதிலாக உள்வாய் அழுத்தத்தின் வர்க்கத்திலிருந்து வெளிவாய் அழுத்தத்தின் வர்க்கத்தைக் கழித்துப் போட வேண்டும். மேலே 2 × வளிமண்டல அழுத்தம் என்ற பெருக்கல் சேரும். எல்லாமே முழு அழுத்தம், மானி காட்டும் அழுத்தம் அல்ல.

பிளக்கை ரப்பர் உறையில் வைத்து வெளியிலிருந்து அழுத்துகிறோம். உறை சரியாக ஒட்டாவிட்டால் வாயு பிளக்கின் பக்கவாட்டில் நழுவி ஓடும், எண் வீணாக உயரும். சோதிப்பது சுலபம். வெளியழுத்தத்தை 400 பிஎஸ்ஐ-யிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) 600, 800 என்று ஏற்றுங்கள். முதல் ஏற்றத்திலேயே எண் தடாலென்று விழுந்து, பிறகு மெதுவாகக் குறைந்தால் முதலில் கசிவு இருந்தது.

வாயு மூலக்கூறுகள் துளைச்சுவரில் வழுக்கிப் போகும். திரவம் அப்படிப் போகாது. அதனால் குறைந்த அழுத்தத்தில் வாயு அளவீடு எப்போதும் மிகை. 1941-இல் கிளிங்கன்பெர்க் காட்டிய திருத்தம் இதற்குத்தான். குறைந்தது மூன்று சராசரி அழுத்தங்களில் அளந்து, சராசரி அழுத்தத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து, கோட்டைச் சுழியம் வரை நீட்டுங்கள். 1.25 வளிமண்டலத்தில் 12 மில்லிடார்சியும் 2.5 வளிமண்டலத்தில் 10.5-உம் வந்தால் கோடு 9-இல் வெட்டும். அந்த 9-தான் திரவத்துக்குச் சமமான எண். 200 மில்லிடார்சியில் இந்தத் திருத்தம் சில விழுக்காடு மட்டுமே. 0.1 மில்லிடார்சிப் பாறையில் வாயு எண் இரண்டு மடங்கைத் தாண்டும். அதிக ஊடுருவுதிறன் உள்ள பாறையில் தொல்லை எதிர்த்திசையில் வரும். வேகமாக வாயு விட்டால் சடத்துவ இழப்பால் எண் குறையும். புள்ளிகள் நேர்கோட்டிலிருந்து வளைந்தால் பாய்வைக் குறையுங்கள்.

அடுத்தது நிலத்தடி இறுக்கம். 9,000 அடி ஆழத்தில் மேற்பாறையின் சுமை சுமார் 9,000 பிஎஸ்ஐ, துளைநீர் அழுத்தம் 4,000 என்றால் நிகரச் சுமை 5,000. ஆய்வக உறை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துகிறது. நிலத்தடியில் பக்கச்சுமை குறைவு. அதனால் பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அழுத்தும்போது பாறை பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்ற விகிதம்) 0.3 என்று கொண்டால் ஆய்வகத்தில் சமமான அழுத்தம் 0.62 மடங்கு, அதாவது ஏறத்தாழ 3,100 பிஎஸ்ஐ. நேரே 5,000 வைத்தால் பாறையை அளவுக்கு மீறி நசுக்குகிறீர்கள். நல்ல மணற்கல்லில் இந்தக் குறைவு சிறியது, இறுகிய பாறையிலும் நுண்விரிசல் உள்ள பாறையிலும் பெரியது.

படி 3: கோர் இல்லாத ஆழங்களுக்கு லாக்

எல்லாக் கிணற்றிலும் கோர் எடுக்க முடியாது. எடுத்த கிணற்றில் கோருக்கும் லாக்குக்கும் உறவு கண்டு, அதை மற்ற கிணறுகளுக்குக் கொண்டுபோகிறோம். தொடங்கும் முன்னால் கோரின் காமா அளவீட்டை (பாறையின் இயற்கைக் கதிரியக்கம்) லாக் காமாவோடு பொருத்தி ஆழத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு அடி பிசகினால் மணலின் ஊடுருவுதிறன் களிப்பாறையின் நுண்துளைமையோடு ஜோடி சேரும். அப்புறம் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

அடர்த்தி லாக்கில் மணிகளின் அடர்த்தியைக் கண்ணை மூடிக்கொண்டு 2.65 என்று போடாதீர்கள், கோரில் அளந்ததைப் போடுங்கள். லாக் 2.30 காட்டும் இடத்தில் 2.65 என்றால் நுண்துளைமை 21.2 விழுக்காடு, 2.68 என்றால் 22.6. சின்ன வேறுபாடுதான். கீழே வரும் ஓட்டமண்டல எண் 3.18 உள்ள பாறையில் இதுவே 157 மில்லிடார்சியை 198 ஆக்கிவிடும்.

நுண்துளைமைக்கு எதிராக ஊடுருவுதிறனின் மடக்கையை வரைந்து ஒரே கோடு போடுவது பலர் செய்வது. பாறைவகைகளைப் பிரிக்காமல் அதைச் செய்யாதீர்கள். 1993-இல் அமேஃபூலேயும் கூட்டாளிகளும் தந்த ஓட்டமண்டல எண் பிரிக்க உதவும்:

1. ஊடுருவுதிறனை மில்லிடார்சியில் எடுத்து, பின்ன வடிவ நுண்துளைமையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.0314-ஆல் பெருக்குங்கள்.
2. நுண்துளைமையை (1 − நுண்துளைமை)-ஆல் வகுங்கள்.
3. முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஓட்டமண்டல எண்.

நுண்துளைமை 0.22 உள்ள இரண்டு பிளக்குகள். ஒன்று 180 மில்லிடார்சி, மற்றொன்று 8. முதலாவதின் எண் 3.18, இரண்டாவதின் எண் 0.67. நுண்துளைமை லாக் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். கழுத்து அகலமான பாறையும் குறுகலான பாறையும் இங்கே பிரிந்துவிட்டன. ஒவ்வொரு குழுவுக்கும் தனிக்கோடு போடுங்கள். கோர் இல்லாத கிணற்றில் எந்த ஆழம் எந்தக் குழு என்று லாக்கிலிருந்து கண்டுபிடிப்பதுதான் இதில் கடினமான பகுதி. கோரை மேசையில் விரித்து, மணியின் பருமனையும் படுகை அமைப்பையும் பார்த்து, எந்தப் படிவுச் சூழலில் உண்டானது என்று புவியியலாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

இன்னொரு பொறி: மடக்கையில் போட்ட கோடு பெருக்குச் சராசரியைத் தருகிறது. கிடைப்பாய்வுக்குத் தேவை கூட்டுச் சராசரி. பத்தடிமான மடக்கையில் புள்ளிகளின் திட்டவிலக்கம் 0.4 என்றால் கோடு தரும் எண் சராசரியாக ஒன்றரை மடங்கு குறைவு. இந்த இழப்பைத் திருத்தாமல் வயலின் கணினி மாதிரியில் ஏற்றுவது நிறைய நடக்கிறது.

கோரே இல்லாத இடத்தில் 1968-இல் டிமூர் தந்த உறவு கைகொடுக்கும்: நுண்துளைமை விழுக்காட்டின் 4.4 அடுக்கை 0.136-ஆல் பெருக்கி, மாறா நீர்ச்செறிவு விழுக்காட்டின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 22 விழுக்காடு நுண்துளைமை, 25 விழுக்காடு நீர் என்றால் சுமார் 175 மில்லிடார்சி. நீர் 35 ஆனால் 90 மட்டுமே. இங்கே நீர் என்பது நகராத நீர். எண்ணெய்–நீர் எல்லைக்கு அருகே, நகரும் நீரும் கலந்திருக்கும் பகுதியில் இதைப் போட்டால் விடை அதலபாதாளத்துக்குப் போகும்.

அணுக்காந்த ஒத்ததிர்வு லாக் ஒரு படி மேல். துளைகளில் உள்ள பாய்மத்தின் அணுக்கருக்களைக் காந்தத்தால் தூண்டி, அவை பழைய நிலைக்குத் தளரும் நேரத்தை அளப்பதால் துளை அளவையே நேரடியாகத் தொடுகிறது. மணற்கல்லில் 33 மில்லிநொடிக்குக் கீழே தளர்வது கட்டுண்ட நீர், மேலே தளர்வது நகரும் பாய்மம் என்பது தொடக்க எல்லை. சுண்ணாம்புக்கல்லில் 92 வைப்பார்கள். இந்த லாக்கிலிருந்து ஊடுருவுதிறன் கணக்கிடும் கோட்ஸ் உறவில் நுண்துளைமை 22 விழுக்காடு, அதில் கட்டுண்ட நீர் 5.5 என்றால் 211 மில்லிடார்சி வருகிறது. கட்டுண்டதை 7 என்று எடுத்தால் 108. எல்லையை உங்கள் பாறையில், ஆய்வகத்தில் அளந்து வையுங்கள். கனஎண்ணெய் தானே வேகமாகத் தளரும் என்பதால் நகரும் எண்ணெயைக் கட்டுண்ட நீராக லாக் காட்டிவிடும். குகைத்துளைகள் உள்ள சுண்ணாம்புக்கல்லில் இந்த உறவை நம்பவே வேண்டாம். பெரிய துளைகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்திருக்கும்.

படி 4: கிணற்றுச் சோதனை

கோர் கைப்பிடி அளவுப் பாறை. லாக் சில அடி. கிணற்றுச் சோதனை நூற்றுக்கணக்கான அடி தூரத்தை எண்ணெயை வைத்தே அளக்கிறது. முரண்பாடு வந்தால் நாங்கள் முதலில் சாய்வது இதன் பக்கம்.

நிலையான வீதத்தில் எண்ணெய் எடுத்து, பிறகு கிணற்றை மூடி, அடியில் அழுத்தம் ஏறுவதைப் பதிவுசெய்யுங்கள். வீதம் சோதனை முழுக்க அளக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அழுத்தத்தை நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரையும் ஹார்னர் வரைபடத்தில் நேர்கோட்டின் சரிவு, ஒரு மடக்கைச் சுற்றுக்கு இத்தனை பிஎஸ்ஐ என்று கிடைக்கும்.

ஊடுருவுதிறன் × தடிமன் = 162.6 × பேரல் வீதம் × கனஅளவுக் காரணி × பாகுத்தன்மை ÷ சரிவு

நாளொன்றுக்கு 800 பேரல், கனஅளவுக் காரணி (மேலே வந்த ஒரு பேரல் எண்ணெய் நிலத்தடியில் அடைத்த இடம்) 1.3, பாகுத்தன்மை 0.7, சரிவு 18 என்றால் 6,576 மில்லிடார்சி-அடி. தடிமன் 40 அடி என்று எடுத்தால் 164 மில்லிடார்சி. சோதனை உண்மையில் தருவது 6,576-ஐத்தான். 164 என்பது 40 அடி சரி என்றால் மட்டுமே சரி. அதில் 25 அடியிலிருந்துதான் எண்ணெய் வருகிறது என்று பாய்வு லாக் (எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்ற பதிவு) காட்டினால் அந்தப் பகுதியின் ஊடுருவுதிறன் 263.

எந்த நேர்கோடு என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். மூடிய உடனே வருவது கிணற்றுக் குழாய் நிரம்பும் விளைவு. கடைசியில் வருவது எல்லையின் விளைவு. பாறையை அடைக்கும் ஒரு பிளவு அருகே இருந்தால் சரிவு இரட்டிப்பாகும், ஊடுருவுதிறன் பாதியாகத் தோன்றும். 1983-இல் பூர்தே அறிமுகப்படுத்திய அழுத்த வகைக்கெழுவை மடக்கைத்தாளில் வரையுங்கள். மேடு ஏறி இறங்கிய பிறகு மட்டமாக ஓடும் பகுதிதான் வேண்டியது. மட்டம் வரவில்லை என்றால் கோடு போடாதீர்கள், இன்னும் நேரம் மூடி வையுங்கள்.

கிணற்றுச் சுவரில் துளையிடு சேறு புகுந்து அடைத்திருந்தால் கிணறு மந்தமாக ஓடும். பார்ப்பவர்கள் பாறையைக் குறை சொல்வார்கள். இதே சோதனையில் ஒரு மணி நேர அழுத்தம், மூடும்முன் இருந்ததைவிட 300 பிஎஸ்ஐ கூடுதல் என்றால் கிணற்றுச் சுவரின் அடைப்பை அளக்கும் சேதக்காரணி சுமார் 13 வரும். சுவரில் மட்டும் 200 பிஎஸ்ஐ வீணாகிறது. 164 மில்லிடார்சி அப்படியே இருக்கிறது, அமிலம் விட்டோ மறுபடி துளையிட்டோ கிணற்றைச் சரிசெய்யலாம்.

படி 5: மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்துதல்

கோரின் 220 என்பது வாயு, ஆய்வக அழுத்தம், நீரே இல்லாத உலர்ந்த பாறை. கிளிங்கன்பெர்க் திருத்தத்துக்குப் பின் 206. நிலத்தடி இறுக்கத்துக்கு 0.93 மடங்கு என்று ஆய்வகம் சொன்னால் 192. நகராத நீர் உள்ளே இருக்கும்போது எண்ணெய்க்குக் கிடைக்கும் ஒப்பு ஊடுருவுதிறன் 0.85 என்றால் 163. சோதனையின் 164-ஓடு இப்போதுதான் ஒப்பிடலாம். களத்தில் இவ்வளவு ஒட்டி வருவது அபூர்வம். ஒன்றரை மடங்குக்குள் வந்தால் திருப்தி அடையலாம்.

சோதனை பல மடங்கு அதிகம் என்றால் விரிசலைத் தேடுங்கள். வியட்நாமின் பக் ஹோ வயலில் எண்ணெய் கருங்கல் அடித்தளத்து விரிசல்களிலிருந்து வருகிறது. அந்தப் பாறையின் பிளக் ஏறக்குறைய எதையும் காட்டாது. காவிரிப் படுகையில் மாதானத்தின் அடித்தளப் பாறையும் விரிசலால்தான் எண்ணெய் தருகிறது. சோதனை மிகக் குறைவு என்றால் தடிமனை மிகையாக எடுத்தீர்களா, அடுக்குகள் பக்கவாட்டில் தொடராமல் அறுபடுகின்றனவா, துளைக்குள் வாயு பிரிந்து எண்ணெயை மறிக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

படி 6: சராசரி எடுத்து மாதிரியில் ஏற்றுதல்

பத்தடி 500, பத்தடி 50, பத்தடி 1 மில்லிடார்சி. அடுக்குகளுக்கு இணையாகப் பாய்ந்தால் கூட்டுச் சராசரி, 184. குறுக்கே பாய்ந்தால் இசைச் சராசரி, 2.9. ஒழுங்கின்றிக் கலந்திருந்தால் பெருக்குச் சராசரி, 29. ஒரே பாறைக்கு மூன்று எண்கள், மூன்றும் சரி. திசையைச் சொல்லாமல் சராசரி சொல்வதில் பொருளே இல்லை.

வட கடலின் பிரென்ட் மணற்கற்கள் இதை நன்றாகக் காட்டும். அங்கே கீழே ரானக் என்ற அடுக்கு, அதன் மேலே ஈட்டிவ் என்ற அடுக்கு. ஈட்டிவ் பல இடங்களில் ஒரு டார்சியைத் தாண்டும். ரானக் மைக்கா நிறைந்த மெல்லிய மணல், மேலே போகப் போக ஊடுருவுதிறன் கூடும். மைக்காவில் பொட்டாசியம் இருப்பதால் காமா லாக் உயர்ந்து, நல்ல மணலைக் களிப்பாறை என்று காட்டும். மைக்காத் தகடுகள் படுகையோடு தட்டையாகக் கிடப்பதால் செங்குத்துப் பாய்வு தடைபடும். சுண்ணக்காரை இறுகிய கட்டிகளும் இடையிடையே உண்டு. இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரே சராசரி போட்டால் சோதனையின் மொத்தம் பொருந்திவிடும், எல்லாம் சரி என்று தோன்றும். நீர் செலுத்தும்போது நிஜத்தில் அது ஈட்டிவ் வழியே உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவிடும். ரானக்கின் எண்ணெய் கீழே அப்படியே தங்கும்.

ஆகவே மாதிரியைச் சரிபார்க்கும்போது மொத்தத்தோடு நிற்காதீர்கள். மாதிரிக்குள்ளேயே கிணற்றுச் சோதனையை ஓட்டி வகைக்கெழுவை ஒப்பிடுங்கள். பாய்வு லாக் காட்டும் அடுக்குவாரிப் பங்கோடு மாதிரியின் பங்கை ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வயல் முழுவதையும் ஒரே எண்ணால் பெருக்குவதைத் தவிர்த்து, எந்த அடுக்கு தப்பு என்று கண்டுபிடித்து அதன் கோரிடம் திரும்பிப் போங்கள். செங்குத்து ஊடுருவுதிறனுக்குக் கிடைத்திசையில் பத்தில் ஒரு பங்கு என்று போட்டுவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. பிளக் அளவில் அது சரியாகவே இருக்கலாம். மாதிரியின் ஐம்பதடி உயரக் கட்டம் ஒன்றுக்குள் அரை அங்குலக் களிப்படலம் நான்கு இருந்தால் விகிதம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போகும். அந்தப் படலங்கள் எத்தனை, பக்கவாட்டில் எத்தனை தூரம் தொடர்கின்றன என்பதைக் கோரின் புகைப்படத்தை வைத்து அடி அடியாக எண்ண வேண்டும்.